படம் எடுக்கிற எங்களை என்னெண்டு போடுறது?

உவர்மலைப் பொடியன்:
வாற மாசம் நாங்க ஒன்பது பேர் சேர்ந்து படக் கண்காட்சி வைக்கிறம். ஒருத்தர் வங்கியில வேலை, ரெண்டு பேர் டீச்சர்மார், ஒருத்தர் ஓட்டோ ஓடுறவர், நான் கச்சேரியில, அதுதான் மாவட்டச் செயலகத்தில. ஒருத்தரும் கமராவால சோறு தின்னுற ஆக்கள் இல்ல. பதாகையில "அமெச்சூர் புகைப்படக் கலைஞர்கள்" எண்டு போட்டன். அதைப் பார்த்த எங்கட ஆள் ஒருத்தர் "நாங்க என்ன கற்றுக்குட்டியளா?" எண்டு கோவிச்சுக்கொண்டு குழுவை விட்டே போயிட்டார். வேற சொல் இருந்தா சொல்லுங்க. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கோணும்.

டச்சுபே:
பொழுதுபோக்குப் புகைப்படக்காரர். முடிஞ்சுது.

தூண்டில்காரன்:
விடிய நாலரைக்கு எழும்பி கோணேசர் மலையில சூரியன் வரும் வரைக்கும் நிக்கிறவருக்கு, பாவம், பொழுது போகேல்லையாம்.

ஓய்வு மாஸ்டர்:
தம்பி, கோவிச்சவருக்குச் சொல்லுங்க, அமெச்சூர் வசைச் சொல் இல்ல. ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியா வந்தது. அடி லத்தீன், காதலிக்கிறவன், அன்பு வைச்சவன் எண்டு கருத்து. டிலெட்டாண்ட் எண்டு இன்னொண்டு இருக்கு, இத்தாலியச் சொல், ஒண்டில இன்பம் காணுறவன். ரெண்டும் நல்ல வீட்டில பிறந்து பிறகு "அரைகுறை" எண்ட கருத்துக்கு இறங்கினதுகள்.

தமிழில அதே பொருளோட ஒண்டு ஆயத்தமாக் கிடக்கு: ஆர்வலர். "அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ் ஆர்வலர் புன்கண்நீர் பூசல் தரும்", 71ஆம் குறள். அங்க ஆர்வலர் எண்டா அன்புடையவர். லத்தீன்காரன் சொன்னதை நாங்களும் எங்கட பாட்டில சொல்லியிருக்கிறம். "புகைப்பட ஆர்வலர்கள்" எண்டே போடுங்க.

டச்சுபே:
மாஸ்டர், குறளில என்ன இருந்தாலும் இப்ப ஆர்வலர் எண்டா ஆர் தெரியுமே? தொண்டு நிறுவனக் கூட்டத்தில முன் வரிசையில இருந்து ரோல்ஸ் சாப்பிடுற "சமூக ஆர்வலர்". சுனாமிக்குப் பிறகு திருகோணமலையில தடுக்கி விழுந்தா ஒரு ஆர்வலர்ட மேலதான் விழோணும். அதோட, ஆர்வம் இருக்கிறவன் எல்லாம் செய்யிறவன் இல்ல. கிரிக்கெட் ஆர்வலர் எண்டா ரீவிக்கு முன்னால இருக்கிறவர்.

ஸ்டூடியோக்காரன்:
நான் 22 வருசமா இந்தத் தொழில்தான். என்ட கேள்வி வேற. அமெச்சூர் எண்டு தெளிவா இருக்கட்டும், மழுப்பாதைங்கோ. இண்டைக்கு "ஆர்வலர்" எண்டு படம் மாட்டுறவர் நாளைக்கு மச்சாள்ட கலியாணத்துக்குச் சும்மா எடுத்துக் குடுப்பார். அடுத்த மாசம் மச்சாள்ட சிநேகிதிக்கு ஐயாயிரத்துக்கு. நான் கமரா, லென்ஸ், அல்பம், உதவிக்கு வாற பொடியன்ட சம்பளம் எல்லாம் போட்டு ஒரு விலை சொன்னா, என்னைக் கள்ளன் மாதிரிப் பார்க்கினம். எது தொழில், எது விருப்பம் எண்டு சொல்லில ஒரு வேலி வேணும்.

தூண்டில்காரன்:
அந்த வேலி கடல்ல எப்பவோ இருக்கு அண்ணா. உட்துறைமுக வீதியில பின்னேரம் தூண்டில் போடுறன், சில நாள் நல்ல பாரையே படும். ஆனா என்னை ஒருத்தரும் மீன்காரன் எண்டு சொல்றதில்ல. கரைவலை இழுக்கிறவர்தான் மீன்காரர். "காரன்" எண்டு முடிஞ்சா தொழில், அவ்வளவுதான்.

டச்சுபே:
அப்ப உங்கட பேர்? கோவக்காரன், வீட்டுக்காரன், இதெல்லாம் என்ன தொழில்?

தூண்டில்காரன்:
வீட்டுக்காரன் பெரிய தொழில், சம்பளந்தான் இல்ல.

கிண்ணியா நானா:
வேலி கேட்கிறவர் ஒரு கதையையும் கேளுங்க. இங்கிலாந்து கிரிக்கெட்டில அமெச்சூர்தான் பெரிய மனுசன், "ஜென்டில்மன்". காசுக்கு விளையாடுறவன் "பிளேயர்". உடுப்பு மாத்துற அறை வேற, மைதானத்துக்கு வாற வாசல் வேற. அமெச்சூருக்கு முதலெழுத்து பேருக்கு முன்னால, மற்றவனுக்குப் பின்னால. 1950இல லோர்ட்ஸ் மைதானத்தில, காசுக்கு விளையாடின ஒருத்தர்ட பேரை ஸ்கோர் அட்டையில பிழையா அடிச்சிட்டாங்க எண்டு ஒலிபெருக்கியிலயே திருத்தினாங்க, அது எப். ஜே. டிட்மஸ் இல்ல, டிட்மஸ் எப். ஜே. எண்டு. 1962இலதான் அந்தப் பாகுபாட்டை எடுத்தது. ஒலிம்பிக்கிலயும் இதே வேலி. அமெரிக்காவின்ட ஜிம் தோர்ப் 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில ரெண்டு தங்கம் எடுத்தவர். முந்தி சின்னக் காசுக்கு பேஸ்போல் விளையாடினார் எண்டு அடுத்த வருசமே பறிச்சாங்க. திருப்பிக் குடுக்க முடிவெடுத்தது 1982இல, மனுசன் மௌத்தாகி 29 வருசத்துக்குப் பிறகு.

வேலி போட்டவன் எப்பவும் காசுள்ளவன்தான். சும்மா விளையாட வசதி வேணுமே.

ஸ்டூடியோக்காரன்:
நானா, இஞ்ச கதை தலைகீழ். இஞ்ச வசதியுள்ளவன்ட கமரா என்ட கமராவை விட விலை கூட.

ஓய்வு மாஸ்டர்:
நானா சொன்னதோட நம்மட ஊர்க் கதையையும் சேர்க்கோணும். போர்த்துக்கேயர் இடிச்ச கோணேசர் கோயிலின்ட தூண்கள் அந்தக் கோணேசர் மலை அடியில கடலுக்குள்ள கிடந்ததை 1956இல பார்த்தது ஆர்? ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும். ஒருத்தர் கதை எழுதுறவர், மற்றவர் படம் எடுக்கிறவர். ரெண்டு பேரும் தொல்லியல் படிச்ச ஆக்கள் இல்ல.

டச்சுபே:
கிளார்க் பிறகு சுழியோடுற கொம்பனியே நடத்தினவர் மாஸ்டர். அவரை எந்தப் பக்கம் வைக்கிறது?

ஓய்வு மாஸ்டர்:
தொல்லியலுக்கு ஆர்வலர், சுழியோடலுக்குத் தொழில்காரர். ஒரே ஆள் ரெண்டு பக்கமும் நிக்கலாம். ஆளுக்குப் பேர் வைக்கிறதை விட்டு வேலைக்குப் பேர் வைச்சாச் சிக்கல் குறையும்.

உவர்மலைப் பொடியன்:
மாஸ்டர் கடைசியாச் சொன்னது பிடிச்சிருக்கு. பதாகையில ஆளைப் பற்றி ஒண்டும் இல்ல. "வேலை முடிஞ்ச பிறகு எடுத்த படங்கள்" எண்டு போடுறன். கோவிச்சுப் போனவரும் சரி எண்டிட்டார்.

ஒரு சின்ன விசயம், ஸ்டூடியோ அண்ணா கோவிக்கக் கூடாது. நிலாவெளியில ஹொட்டல் வைச்சிருக்கிற ஒருத்தர் என்ட புறாமலைப் படம் மூண்டை விலைக்குக் கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

ஸ்டூடியோக்காரன்:
எவ்வளவு கேட்டீர்?

உவர்மலைப் பொடியன்:
மூண்டுக்கும் சேர்த்து மூவாயிரம்.

ஸ்டூடியோக்காரன்:
பிறேம் காசுக்கும் காணாது தம்பி. ஒண்டும் சொல்லாமல் இரும். நாளைக்குக் கடைக்கு வாரும், இருந்து கதைப்பம்.