சிவப்புப் பிடி சட்டி: ஆற்றோர வீட்டை வாடகைக்கு விட்ட கதை

பட்டர்வொர்த் வாசி:

மூடா ஆற்றின் பினாங்குக் கரையில் அப்பா வாங்கிப் போட்ட பலகை வீடு ஒன்று இருக்கிறது. எதிர்க்கரை கெடா. அப்பா போனபிறகு சும்மா கிடந்த வீட்டை, மீன் பிடிக்கவும் வேட்டைக்கும் வருபவர்களுக்கு ஓர் இரவு 150 வெள்ளி (ரிங்கிட்) என்று விட ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. கூரை ஒழுகுமோ, பாம்பு வருமோ என்றுதான் பயந்தேன். வந்த வம்பெல்லாம் சமையல்கட்டில்தான்.

முதலில் வந்தவர்கள் ஊடாங் காலா பிடிப்பவர்கள். நீலக் கொடுக்கு நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தப் பெரிய ஆற்று இறால். இந்தக் கூட்டம் தூங்காது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடிய விடிய படித்துறையில் உட்கார்ந்திருக்கும். இறால் வெடுக்கென்று இழுக்காதாம். இரையைக் கவ்விக்கொண்டு மெல்ல நகருமாம். இரை என்பது உம்புன்-உம்புன், சேற்றில் தோண்டும் புழு. அது வாடாமல் இருக்க ஐஸ் பெட்டியில், என் மனைவியின் சம்பல் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே மாதிரி டப்பா. மறுநாள் அவள் எதைத் திறந்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றுவரை அந்த வீட்டில் அவள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

அடுத்து காட்டுப்பன்றி வேட்டைக்காரர்கள், நாலு பேர், மூன்று நாய். கூலிம் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் சுட்டுக்கொண்டு வந்து, என் குவாலியிலேயே (இரும்புச் சட்டியிலேயே) கறி சமைத்து, என் கத்தியாலேயே வெட்டியிருக்கிறார்கள். நாய்கள் ஐந்தடியில், அதாவது வீட்டு முன்நடையில், தட்டை நக்கிக்கொண்டிருந்தன. தப்பு அவர்களுடையது இல்லை, நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை யாருக்குக் கொடுத்திருந்தேன் தெரியுமா? சுங்கை பட்டாணியிலிருந்து வரும் ஒரு மலாய்க் குடும்பத்துக்கு.

கழுவி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றான் என் மச்சான். எனக்கு மனசு ஒப்பவில்லை. போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அந்த வீட்டுப் பெரியவர், பாக்சிக், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “சொன்னீர்களே, அது போதும். அடுப்பும் சட்டியும் நாங்களே கொண்டு வருகிறோம்” என்றார். வந்தவர், மண் கலந்த தண்ணீரால் ஒரு முறை, வெறும் தண்ணீரால் ஆறு முறை, ஆக ஏழு முறை ஐந்தடியையும் தொட்டியையும் எப்படிக் கழுவுவது என்று காட்டிக்கொடுத்தார். அவர் பேரன்கூட ஒரு வாளி தூக்கினான்.

இப்போது வேட்டைக்காரர்களுக்கு வீட்டுக்குள் சமையல் கிடையாது. ரம்புத்தான் மரத்தடியில் கல் அடுப்பு, பிடியில் சிவப்புச் சாயம் பூசிய குவாலி, தனிக் கத்தி, தனிப் பலகை. அப்புறம், சாவி கொடுக்கும் முன் இரண்டு தாளைப் பார்த்துவிடுவேன்: போலீஸ் கொடுத்த துப்பாக்கி லைசென்ஸ் ஒன்று, பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறை கொடுத்த வேட்டை லைசென்ஸ் ஒன்று. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு இதில் விளையாட முடியாது. காட்டுப்பன்றிக்கும் லைசென்ஸ் வேண்டும். முகம் சுளிப்பவர்களுக்குச் சாவி இல்லை.

செந்தூல் தம்பி:

அண்ணே, எங்களுக்குச் சமையல்கட்டு பிரச்சினை இல்லை, தண்ணீர்தான். கோல லிப்பிஸ் பக்கம், ஜெலாய் ஆற்றோரம் நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு குடில் வைத்திருக்கிறோம். கோலாலம்பூரில் இருந்துகொண்டு பார்த்துக்கொள்வது லேசில்லை. டிசம்பர் மழையில் ஆறு தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) நிறத்துக்கு மாறிவிட்டது. கம்பத்துக் (கிராமத்துக்) கிழவர் ஒருவர் வந்து, படகை மேலே இழுங்கள், நீங்களும் கிளம்புங்கள் என்றாராம். தங்கியிருந்தவர்கள் அசையவில்லை. தண்ணீர் கலங்கினால்தான் பாவுங் (ஆற்றுக் கெளுத்தி) நன்றாகக் கடிக்கும்! அது உண்மைதான், அன்று வாளி நிறைய பிடித்திருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு போன்: “அங்கிள், படிக்கட்டைக் காணோம்.” ஆள் எல்லாரும் தப்பினார்கள். படகு நாலு வளைவு தள்ளி மூங்கில் புதரில் கிடந்தது. இப்போது நவம்பர் முதல் ஜனவரிவரை பூட்டிவிடுகிறோம், காசு போனால் போகட்டும். மரத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். தண்ணீர் அதைத் தொட்டால் பேச்சே கிடையாது, கிளம்ப வேண்டியதுதான்.

கிஜாங் (குரைக்கும் மான்) கிடைக்குமா என்று கேட்டு வருபவர்களையும் நாங்கள் சேர்ப்பதில்லை.

ஆயர் ஈத்தாம் அக்கா:

சிவப்புப் பிடி நல்ல யோசனை. முன்பணம் எவ்வளவு வாங்குகிறீர்கள்? நாய்க்குத் தனிக் காசு உண்டா?

பட்டர்வொர்த் வாசி:

முன்பணம் 100 வெள்ளி அக்கா. நாய்க்குக் காசு இல்லை, ஐந்தடியில் கட்டக்கூடாது, அவ்வளவுதான். புழு டப்பாவுக்கு மட்டும் ஒரு பழைய ஐஸ் பெட்டி வாங்கி வெளியே வைத்திருக்கிறேன். மேலே மண்டையோடு வரைந்து வைத்தது என் மகள்.