ஸ்டியரிங் ஆடுதா? ஸ்டியரிங் ரெக்கை மாத்த முதல் சில்லைத் தூக்கிப் பாருங்கோ

வெள்ளவத்தையிலிருந்து:
எங்கட டொயோட்டா 110 கொரோலா பழசுதான். 2020இல வாகன இறக்குமதி நிண்ட பிறகு கனபேர் என்னைமாதிரி, இருக்கிற காரைக் கவனமாப் பாக்கத் தொடங்கிட்டினம். மழைக்காலம் முடிய, குழியில விழேக்க முன்பக்கத்தில "டொக்" எண்டு சத்தம். ஹவ்லொக் வீதியில நேரா ஓடேக்கயும் ஸ்டியரிங் லூசா இருந்துது. கராஜில பாஸ் (மெக்கானிக்) காரைத் தூக்கிப் பாக்காமலே, ஸ்டியரிங் திருப்பத்தைச் சில்லுகளுக்குக் கொண்டுபோற ரெக் எண்ட பாகத்தை முழுசா மாத்தவேணும் எண்டார். எனக்கு மனம் ஒப்பேல்ல.

வீட்டை கொண்டுவந்து, பின் சில்லுகளுக்குக் கல்லு வச்சு, முன்பக்கத்தை ஜக்கால தூக்கி ஸ்டாண்டில நிப்பாட்டினன். வெறும் ஜக்கை நம்பிக் காருக்குக் கீழ ஒருத்தரும் தலையை விடாதேங்கோ. சில்லை மணிக்கூட்டில 9உம் 3உம் நிக்கிற இடத்தில பிடிச்சு ஆட்டினால் ஆட்டம் இருந்துது. 12, 6இல பிடிச்சால் இல்லை. 12, 6இல ஆடினால் போல் ஜொயின்டையோ (சில்லைத் தாங்கிற உருண்டை மூட்டு) பெயரிங்கையோ சந்தேகப்படவேணும். மகன் சில்லை ஆட்ட, நான் டை ரொட் எண்டில (ரெக்கிலயிருந்து வாற கம்பி சில்லுப் பக்கம் சேருற மூட்டு) விரலை வச்சன். அங்கதான் அடிச்சுது. அந்தக் கம்பி ரெக்கோட சேருற ரெக் எண்டையும் விட்டுடாதேங்கோ; அதை மூடியிருக்கிற றபர் உறையோட (பூட்) சேத்து அமத்திப் பிடிச்சால் உள்ளுக்குக் கடகடக்கிறது கையில தெரியும். என்ர காரில அது நல்லா இருந்துது. ரெக்கில ஒரு குறையுமில்லை.

புது டை ரொட் எண்டை, கார்ச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில வாங்கினன். கழட்ட முதல், டை ரொட் எண்டை அசையாமல் இறுக்கிற லொக் நட் நிண்ட இடத்தில பெயின்ட் அடையாளம் வையுங்கோ. எத்தனை சுத்தில கழண்டு வருதெண்டு எண்ணி, புதுசையும் அத்தனை சுத்து ஏத்துங்கோ. அலைன்மென்ட் (சில்லுகளை நேராக்கிறது) செய்யிற இடத்துக்குப் போய்ச் சேருமட்டும் ஓட அது காணும். அலைன்மென்ட் கட்டாயம் செய்யவேணும், இல்லாட்டி டயரைத் தின்னும். ஸ்பிலிட் பின் பழசைத் திரும்பப் போடவே கூடாது. நட் கழண்டு விழாமல் காக்கிறது அந்தச் சின்னக் கம்பிதான்.

தெஹிவளையிலிருந்து:
அண்ணை, எனக்கு வந்தது வேற சத்தம். ஸ்டியரிங்கை முழுசா வெட்டித் திருப்பேக்க பவர் ஸ்டியரிங் பம்ப் ஊளையிட்டுது. ஹோஸ் கிளிப் இளகி, ஒயில் குறைஞ்சு, காத்து இழுத்திருக்கு. கார் ஹோண்டா. பக்கத்து வீட்டு ஐயா ஏடிஎஃப் (ஓட்டோ கியர் ஒயில்) ஊத்தச் சொன்னார். பழைய டொயோட்டாக்களுக்கு டெக்ஸ்ரன் வகை ஏடிஎஃப் சரி. ஹோண்டாவுக்கு அதுக்கெண்டே இருக்கிற ஸ்டியரிங் ஒயில்தான், மாத்தி ஊத்தினால் சீல் பழுதாகும். கிளிப்பை மாத்தி, உள்ளுக்க போன காத்தை எடுக்க முன் சில்லு ரெண்டையும் தூக்கி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலே ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசிவரைக்கும் மெதுவா வெட்டினன். குமிழி வாறது நிக்குமட்டும் ஒயில் குறையக் குறைய ஊத்தவேணும். பாக் பண்ணேக்க முழு வெட்டில இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ, பம்ப் சூடாகிப்போகும்.

கொலன்னாவையிலிருந்து:
2016 மே வெள்ளத்தில எங்கட பக்கம் தாண்டது தெரியும்தானே. தண்ணிக்குள்ளால ஓடின கார் எண்டால் ரெக் பூட்டில கிழிசல் இருக்கோ எண்டு குனிஞ்சு பாருங்கோ. கிழிசலால கிறீஸ் போய், தண்ணியும் மணலும் உள்ளுக்க போனால் ரெக் துருப்பிடிக்கும். பூட் மாத்திறது சின்னச் செலவு.

என்ர கார் சுசுகி வெகன் ஆர்; அது எலக்ட்ரிக் ஸ்டியரிங், ஊத்த ஒயிலே இல்லை. அந்த வகையில டேஷ்போர்டில ஸ்டியரிங் விளக்கு எரிஞ்சால் ஸ்கேனர் வச்சிருக்கிறவரிட்ட போங்கோ. ஸ்டியரிங் வளையத்தை மட்டும் வீட்டில கழட்டாதேங்கோ. உள்ளுக்க எயார்பேக் இருக்கு.