படகு ஜிபிஎஸ் பாயிண்டை எடுக்க கருப்புத் திரை தேவையா, செல் ஆப் போதுமா?

மண்டபம்_மெக்கானிக்:
படகின் ஜிபிஎஸ் செட்டில் சேமித்திருக்கும் பாயிண்டை, அதாவது இடக்குறியை, வெளியே எடுக்க செல் ஆப்பே போதும், கருப்புத் திரையில் கட்டளை தட்டும் கமாண்ட் லைன் எல்லாம் வெறும் பந்தா என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். செட் ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறவன் நான், எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

செட்டின் பின்னால் வரும் ஒயரை யுஎஸ்பி கன்வர்ட்டரில் கொடுத்து 4800 பாட் என்ற தரவு வேகத்தில் கணினியில் திறந்தால், டாலர் குறியில் ஆரம்பிக்கும் வரிகள் ஓடும். அதுதான் என்எம்இஏ, கடல் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொது எழுத்து வடிவம். அதில் அகலக்கோடு 0920.5000 என்று வந்தால் 9 டிகிரி 20.5 நிமிடம் என்று அர்த்தம். தெரியாதவர் அதை 9.2050 என்று ஆப்பில் தட்டுவார். முடிந்தது கதை. பாம்பனுக்கு வடக்கே வடகடலில் (பாக் விரிகுடா) இருக்க வேண்டிய பாயிண்ட் 8 கடல் மைலுக்கு மேல் இறங்கி, ராமேஸ்வரம் தீவையே தாண்டி, தென்கடலில் (மன்னார் வளைகுடா) குருசடைத் தீவுக்கும் தெற்கே போய் விழும். ஜிபிஎஸ்பேபல் என்ற மாற்றி நிரலுக்கு அந்த வரிகளை அப்படியே கொடுத்தால் ஒரே கட்டளையில் ஆப்கள் படிக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பு ஆக்கித் தரும், இந்தக் கணக்கில் அது தவறாது. செட்டுக்கு வசதி இருந்தால் சேமித்த பாயிண்ட் எல்லாம் டபிள்யூபிஎல் என்ற வகை என்எம்இஏ வரியாகவே வெளியே வரும், கையால் தட்டவே வேண்டாம்.

தொண்டி_தம்பி:
அண்ணே, நீங்கள் சொன்ன தப்பு ஆப்பால் வந்ததா, தட்டின ஆளால் வந்ததா? கருப்புத் திரையில் ஒரு எழுத்து மாறினால் மட்டும் என்ன, மன்னிச்சு விட்டுடுமா?

எங்கப்பா விசைப்படகு டிரைவர். கரைக்கு வந்தால் சரக்கு இறக்கணும், டீசல், ஐஸ், மறுநாள் டோக்கன், இதுக்கே நேரம் பத்தாது. அவரிடம் போய் மைனஸ் ஐ, மைனஸ் எஃப் என்று கட்டளைப் பாடம் எடுக்க முடியுமா? ஊரில் ஒரே ஆளுக்குத் தெரிந்த கருவி என்றால் அந்த ஆள் வெளியூர் போன அன்றைக்கு அது வெறும் இரும்பு. அப்புறம், ஜிபிஎஸ்பேபலுக்கே ஜன்னல், பட்டன் வைத்த பதிப்பு இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

ஏர்வாடி_வள்ளம்:
நாங்கள் வள்ளத்துக்காரர்கள். கையில் பிடிக்கிற சின்ன செட்தான். திரையில் நிமிடம் 17.500 என்று இருந்ததை மச்சான் போனில் 17 நிமிடம் 50 செகண்ட் என்று போட்டுவிட்டான். 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் பார் (கடலடிப் பாறை) மேலேயே வலையை விட்டோம். கிழிந்தது கிழிந்ததுதான். உங்கள் கமாண்ட் லைன் இதைத் தடுக்குமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

மண்டபம்_மெக்கானிக்:
தடுக்கும். மச்சான் எண்ணைப் பார்த்துத் தட்டினால்தானே அரை நிமிடம் 50 செகண்ட் ஆகிறது? கேபிள் போட்டு எடுத்தால் எண் ஆள் கைக்கே வராது. இது வலையோடு போகிற விஷயமும் இல்லை. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் எல்லைக்கோட்டுப் புள்ளி ஒன்று 9 டிகிரி 40.15 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 22.60 நிமிடம் கிழக்கு. அந்த 40.15ஐ 40 நிமிடம் 15 செகண்ட் என்று போட்டுக்கொண்டால் உங்கள் போனில் எல்லையே 185 மீட்டர் வடக்கே நகர்ந்துவிடும்.

தம்பி, ஜன்னல் வைத்த பதிப்பு இருப்பது எனக்கும் தெரியும், பாயிண்டை மாற்ற அதுவே போதும். செட் மக்கர் பண்ணும்போது என்ன செய்வீர்கள்? இடம், நேரம் சொல்லும் ஆர்எம்சி வரியில் நேரத்துக்கு அடுத்து ஒரு எழுத்து வரும். ஏ என்றால் நம்பலாம், வி என்றால் அந்த இடத்தை நம்பாதே என்று செட்டே சொல்கிறது. ஆப் இதைக் காட்டுமா? பிக்ஸ் (இடம்) வரவில்லை, புது செட் வாங்கணும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது ஒவ்வொரு சாட்டிலைட்டின் சிக்னல் பலத்தையும் சொல்லும் ஜிஎஸ்வி வரியைத்தான். நல்ல செட்டில் நாலைந்து சாட்டிலைட்டாவது 40ஐத் தொடும். எல்லாமே 20க்குக் கீழே கிடந்தால் ஆன்டெனா ஒயரைப் பிரித்துப் பார், உப்பு ஏறிப் பச்சை பூத்திருக்கும். செட்டை மாற்ற வேண்டாம், ஒயரை மாற்றினால் போதும்.

கீழக்கரை_காக்கா:
மெக்கானிக் தம்பி எழுதுவதைப் பார்த்தால் கருப்புத் திரை பொய்யே சொல்லாது போல. ஜிபிஎஸ்டி கதை தெரியுமா? லினக்ஸ் கணினியில் ஓடும் நிரல் அது, ஜிபிஎஸ் ரிசீவரைப் படித்து 2947ஆம் நெட்வொர்க் போர்ட்டில் மற்ற நிரல்களுக்குக் கொடுக்கும், சிஜிபிஎஸ், ஜிபிஎஸ்பைப் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அதன் 3.20 முதல் 3.22 வரையான பதிப்புகளில், 2021 அக்டோபர் 24 பிறந்தால் தேதி 1024 வாரம் பின்னால் குதித்து 2002 மார்ச்சுக்குப் போகிற கோளாறு இருந்தது. சாட்டிலைட் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஜிபிஎஸ்ஸின் வழக்கமான சிக்னலில் வரும் வார எண் 10 பிட்தான், 1024 வாரம் வரைதான் எண்ண முடியும், 1999லும் 2019லும் ஒரு சுற்று முடிந்து பூஜ்யத்துக்கு வந்தது, அதைச் சமாளிக்க நிரலில் எழுதிய ஒரு சரிபார்ப்பே காலை வாரியது.

மண்டபம்_மெக்கானிக்:
உண்மைதான் காக்கா. ஆனால் மூலநிரல் திறந்து கிடந்ததால் அந்தத் தேதிக்கு முன்பே கண்டுபிடித்து 3.23இல் சரி செய்துவிட்டார்கள். மூடி வைத்த ஆப்பில் இப்படி இருந்தால் யாருக்குத் தெரியும்?

எனக்கு முக்கியம் லாக், அதாவது போன பாதையின் பதிவு. ஜிபிஎஸ்பைப்பை விட்டால் நாள் முழுக்க வந்த வரிகளைக் கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். நாளைக்கு எல்லை தாண்டினான் என்று யாராவது சொன்னால், இதோ நான் போன பாதை என்று எடுத்துப் போடலாம்.

கீழக்கரை_காக்கா:
எடுத்துப் போடலாம், யார் ஏற்பார்கள்? என்எம்இஏ என்பது வெறும் எழுத்துக் கோப்பு. நட்சத்திரக் குறிக்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்தும் எக்ஸ்ஓஆர் என்ற எளிய சரிபார்ப்புக் கணக்குதான். ஒயரில் இரைச்சல் புகுந்து எழுத்து கெட்டதா என்று பார்க்க வைத்தது, கள்ளக் கையெழுத்தைப் பிடிக்க வைத்தது இல்லை. நோட்பேடில் எண்ணை மாற்றி அதையும் புதிதாகப் போட என் மகனுக்கு ஐந்து நிமிடம் போதும்.

மண்டபம்_மெக்கானிக்:
கச்சா அளவீடு தரும் ரிசீவர் இருந்தால் அவ்வளவு சுலபம் இல்லை. ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் உள்ள தூரம், டாப்ளர் (அலைவரிசை மாற்றம்) எல்லாம் தனித்தனியாகப் பதிவாகும், ஆர்டிகேலிப் நிரலில் கொடுத்து அன்றைய சாட்டிலைட் பாதையோடு ஒத்துப் பார்க்கலாம். அத்தனையும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிற மாதிரி பொய் எழுதுவது பெரிய வேலை.

தொண்டி_தம்பி:
அந்த ரிசீவர் எந்தப் படகில் இருக்கு அண்ணே? எங்கள் செட்டிலிருந்து வருவது நீங்கள் சொன்ன 4800 வரிதான்.

அதோடு லாக் இரண்டு பக்கமும் வெட்டும். உங்களைக் காப்பாற்றும் கோப்பே உங்களை மாட்டியும் விடும். எல்லையை விடுங்கள், மீன் கிடைக்கிற இடத்தைக் கூடப் பிறந்தவனிடமே சொல்லாத தொழில் இது. அதை நாள் முழுக்க எழுதி வைக்கச் சொல்கிறீர்கள்.

மண்டபம்_மெக்கானிக்:
எழுதுவது என் மடிக்கணினியில், வேண்டாமென்றால் அழித்துவிடலாம். இலவச ஆப் உங்கள் பாயிண்டை எந்த ஊர் சர்வரில் கொண்டுபோய் வைக்கிறது என்று பார்த்தீர்களா?

தொண்டி_தம்பி:
நெட் இல்லாமல் ஓடும் ஆப்பும் இருக்கு. சரி, இழுக்க வேண்டாம். நீங்கள் அடிக்கிற அந்தக் கட்டளையை ஒரு ஐகானுக்குள் வைத்துக் கொடுங்கள், அப்பா தட்டினால் ஓடட்டும். அப்போது நானும் உங்கள் கட்சி.

மண்டபம்_மெக்கானிக்:
ஸ்கிரிப்ட் எழுத எவ்வளவு நேரமாகும்? பிரச்சினை அங்கே இல்லை. கன்வர்ட்டரைக் கழற்றி மாட்டினால் லினக்ஸில் சில நேரம் டிடிஒய்யுஎஸ்பி பூஜ்யம் என்று இருந்த போர்ட் ஒன்று என்று மாறிவிடும், ஐகான் செத்துப்போகும், ராத்திரி எனக்குத்தான் போன் வரும்.

தொண்டி_தம்பி:
அதுக்கு ஒரு யுடெவ் (லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் பகுதி) விதி போட்டு போர்ட்டுக்கு நிலையான பெயர் வைக்க வேண்டியதுதானே. இதைக்கூடவா அண்ணே நான் சொல்லித்தரணும்?