ஞாயிறு குடிக்கூட்டம்: எங்கள் குடும்பக் குழு அரட்டை

வாத்தியார் மாமா: அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு மாலை 4 மணிக்குக் கோயில் மண்டபத்தில் குடிக்கூட்டம், அதாவது நம் குலத்தார் கூட்டம். காலமான பெரியண்ணனின் இடத்துக்கு நம் குடியில் ஒரு வண்ணக்கரை, அதாவது கோயில் நிர்வாகப் பொறுப்பாளரை, தெரிவு செய்ய வேண்டும். எனக்கு வயது போய்விட்டது, நான் நிற்க மாட்டேன். வீட்டுக்கு ஓர் ஆண் கட்டாயம் வரவும்.

கல்லடிச் சின்னம்மா: 31 ஆம் நாள் சமையலுக்கு எடுத்த பெரிய கிடாரம் யார் வீட்டில்? வாடகை ஏறுகிறது.

நான் (வசந்தி): ஏன் மாமா ஆண் மட்டும்?

ரகு அண்ணன் (சுவிஸ்): தொடங்கிவிட்டாள்.

வாத்தியார் மாமா: வழக்கம், மகள்.

நான்: குடி தாய்வழியில்தானே வருகிறது? அம்மாவால் எங்களுக்குக் குடி. அந்த அம்மா மண்டபத்துக்கு வெளியே நிற்க வேண்டுமா?

அம்மா: என்னை இழுக்காதே.

ஜெயன் (வாத்தியார் மாமாவின் மகன்): நான் உங்கள் குடியே இல்லை. கிடாரம் எங்கள் வீட்டில்.

வாத்தியார் மாமா: சட்டத்தைச் சொல்கிறேன், பொறுமையாக வாசிக்கவும். டொனமூர் அரசியல் யாப்பின்படி 1931 இலேயே இலங்கையில் நம் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. பிரான்ஸில் 1944 இல்தான். 1978 யாப்பின் 12 ஆம் உறுப்புரை, பால் காரணமாகப் பாரபட்சம் கூடாது என்கிறது. ஆனால் யாப்புக்கு முன்பே இருந்த எழுதிய சட்டமும் எழுதாத சட்டமும் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது 16 ஆம் உறுப்புரை. 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போவதென்றாலும் அரசின் செயலுக்கு எதிராகத்தான் போகலாம். கோயில் சபை அரசாங்கமல்ல. ஆகவே

சின்னம்மா: ஆகவே?

வாத்தியார் மாமா: தட்டச்சு செய்கிறேன்.

ரகு அண்ணன்: இங்கே அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில் 1990 இலும் ஆண்கள் வெளியில் கூடிக் கை தூக்கிப் பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்றார்கள். அதே வருடம் நீதிமன்றம்தான் கொடுக்க வைத்தது.

ஜெயன்: சுவிஸிலுமா!

சின்னம்மா: 2018 பிரதேச சபைத் தேர்தலுக்கு 25 சதவீதம் பெண்கள் வேண்டுமென்று வீடு வீடாகப் பெயர் கேட்டு வந்தார்களே, வசந்தியின் பெயரைக் கொடுக்க விடாதது யார் அண்ணன்?

வாத்தியார் மாமா: அது வேறு விடயம். மதில் மதிலாகப் படம் ஒட்டுவார்கள்.

நான்: அந்தப் படம் நன்றாகத்தான் இருந்தது.

வாத்தியார் மாமா: முறைப்படி அந்தப் பொறுப்பு சகோதரியின் மகன் ரகுவுக்குத்தான்.

ரகு அண்ணன்: சூரிச்சிலிருந்து கொடியேற்றம் பார்ப்பதா? என்னிடம் யாரும் கேட்கவில்லையே.

சின்னம்மா: தன் மகன் வேறு குடி என்ற கவலை அண்ணனுக்கு.

ஜெயன்: ஐயோ, என்னை விடுங்கள்.

வாத்தியார் மாமா: வசந்தி, கோயில் கணக்குப் புத்தகத்தை யாரிடமாவது கொடுத்துவிடு.

நான்: பெரிய மாமா கையெழுத்து மட்டும்தான் வைத்தார். எழுதியது நான். நானே வந்து வாசிக்கிறேன்.

அம்மா: கணக்கை அவள் வாசிக்கட்டும் அண்ணன். வாக்கைப் பிறகு பார்ப்போம்.

நான்: அம்மா!

வாத்தியார் மாமா: மற்றக் குடியார் என்ன சொல்வார்களோ. கோயில் சபைத் தலைவரிடம் கேட்டுவிட்டுச் சனிக்கிழமை சொல்கிறேன்.

நான்: அதுவரை புத்தகம் என் அலுமாரியில் இருக்கும்.

ஜெயன்: தேநீருக்கு எத்தனை பேர் என்று எழுதட்டும்? பெண்களைச் சேர்த்தா, சேர்க்காமலா?