கெடா விக்கிறதுல ஒரு உதவி வேணும்
எல்லாருக்கும் வணக்கங்க, பர்மாவுல பகோ ஊர் பக்கத்துல நாங்க வீட்டோட கறி ஆடு வளக்குறோம், கொஞ்சம்தான். பக்ரீத் நெருங்குனா புரோக்கர் வந்து இடுப்ப அமுக்கிப் பாத்துட்டு குத்துமதிப்பா ஒரு ரேட் சொல்றாரு, நாங்க உயிரோட எடை போட்டு வீசைக் கணக்குல (இங்க ஒரு வீசைன்னா சுமார் 1.6 கிலோ) குடுக்கலாம்னு பாக்குறோம், அப்படி குடுக்குறவங்க யாராச்சும் இருக்கீங்களா? பாதிதான் கறி தேறும்ங்கிறாரு, சரிதான், ஆனா தலை, காலு, குடல், தோலெல்லாம் சும்மாவா போவுது! இன்னொண்ணு, ஜூன்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் மழையில தரை காயறதே இல்ல, மூங்கில் பரண் போட்டும் குட்டிங்களுக்கு கீழ் இமை உள்ள வெளுத்துப்போயி தாடைக்கு கீழ வீங்குது, குடல்புழுதான். அல்பெண்டசோல் புழு மருந்துக்கு கேக்க மாட்டேங்குது. மருந்த மாத்தி எது குடுக்குறீங்க, சினை ஆட்டுக்கும் ஆகுமா? டோஸையும் சேத்து சொல்லுங்கண்ணே.