தனியாக வீடு எடுத்துப் போன அனுபவம் – மதுரைப் பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்

செல்லூர் தறிவீடு

ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கோர்ட் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடையில் வேலை. சம்பளம் 14,000. செல்லூர் வீட்டில் ஒரே அறை, அதிலும் பாதியைத் தறி அடைத்துக்கொள்ளும். அப்பா, அம்மா, தம்பி, நான். கல்யாணத்துக்குப் பிறகு தறிக்கு அந்தப் பக்கம் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு நாலு மாதம் ஓட்டினோம். முடியவில்லை. மனைவியின் நகையை அடகு வைத்து விளாங்குடியில் வீடு பிடித்தேன். அட்வான்ஸ் 30,000, வாடகை 4,500. சண்டை எதுவும் இல்லை. அம்மாவே வந்து பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

உறுத்துவது வேறு. புது ரேஷன் கார்டுக்கு எழுத வேண்டும் என்றால் முதலில் பழைய கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும். கார்டில் பதிந்திருப்பது அம்மாவின் போன் நம்பர். கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஒரு மெசேஜ் வந்திருக்கும்மா, அதில இருக்கிற நம்பரைச் சொல்லு." எதற்கு என்று கேட்கவே இல்லை. கண்ணாடியைத் தேடுகிற சத்தம் கேட்டது. "இது ஒண்ணா ஏழான்னு தெரியலையேப்பா, இரு, வெளிச்சத்துக்குப் போறேன்" என்று வாசலுக்கு வந்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். நடுவில் ஒன்று தப்பிப்போக, மறுபடி முதலிலிருந்து வாசித்தார். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். உன் கார்டிலிருந்து என் பெயரை எடுக்கத்தான் இந்த நம்பர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த மாதம் ரேஷன் கடையில் இரண்டு கிலோவுக்குப் பதில் ஒன்றரைக் கிலோ சீனி போட்டபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. போனில் வந்த மெசேஜை வரிசையில் நின்ற யாரோ வாசித்துச் சொன்னார்களாம். தம்பி சொல்லித்தான் இது எனக்கே தெரியும். அம்மா இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிலைமான் அக்கா

தம்பி, உங்களுக்குப் பால் காய்ச்ச அம்மா வந்தார், அது பெரிய விஷயம்.

நான் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு, எட்டு வருடம். அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில் இருந்தேன், அந்தக் கதை இங்கே வேண்டாம். 34 வயதில் தனியாகக் கிளம்பினேன். ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால்தான் சிலைமான் வரைக்கும் போய் வீடு பார்க்க முடிந்தது. வளவு வீடு, ஆறு குடித்தனம், வாடகை 3,000.

நல்ல தண்ணீர் வருகிற அன்று எல்லோரும் விடியற்காலையிலேயே குடத்தை வரிசையில் வைத்துவிடுவார்கள். முதல் வாரம் நானும் நாலு குடம் வைத்தேன். வீட்டுக்கார அம்மா வந்து, "ஒத்தப் பொம்பளைக்கு எதுக்கு நாலு குடம்? ரெண்டு போதும்" என்று சொல்லிக் காலாலேயே இரண்டு குடத்தை வரிசையை விட்டுத் தள்ளினார். பச்சைக் குடம் ஒன்று, நீலக் குடம் ஒன்று. சிமெண்டுத் தரையில் அவை இழுபட்ட சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. ஐந்து வீட்டுப் பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் போய் இரண்டையும் எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். "வாடகை ஒத்த ஆளுக்குன்னு பாதியா வாங்குறீங்களாம்மா?" என்று கேட்டேன். கை நடுங்கியது. அண்ணன் வீட்டில் ஒரு நாள்கூட நான் அப்படி வாய் திறந்ததில்லை.

மேலூர் ரோடு

என் கதை சின்னது. மூன்று வருடத்துக்கு முன் ஒத்திக்கு வீடு எடுத்தோம், இரண்டரை லட்சம். வாடகையே இல்லை என்று சந்தோஷப்பட்டோம். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் சுவரில் பேங்க் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. வீட்டுக்காரர் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டிருக்கிறார். எங்கள் பணத்தில் பாதிதான் திரும்ப வந்தது.

அதனால் சொல்கிறேன், புதிதாகக் கிளம்புகிறவர்கள் கவனியுங்கள். ஒத்திக்குப் போவதாக இருந்தால் பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பத்திரப் பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பேங்க் கடன் இருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஜெராக்ஸைக் காட்டி, அசல் ஊரில் இருக்கிறது என்றால் அந்த வீடே வேண்டாம். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்று புரோக்கர் சொல்வதை நம்பாதீர்கள், ஒத்தியைப் பதிவு செய்ய வேண்டும்.

வாடகை என்றால் 2017-ல் வந்த வாடகைச் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறை. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. காலி செய்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பதைப் பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள்.

கரண்டையும் பாருங்கள். தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினால், 60 யூனிட் ஓடினாலே 540 ரூபாய். தனி மீட்டரில் அதே 60 யூனிட்டுக்கு ஒன்றும் கட்ட வேண்டாம். 300 ரூபாய் கூட வாடகை என்றாலும் தனி மீட்டர் இருக்கிற வீடு நல்லது, ஃபேன் ஓட ஓடக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. கேஸ் கனெக்‌ஷன் கிடைக்கும் வரை 5 கிலோ சிலிண்டர் வாங்கிக்கொள்ளுங்கள், அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள்.

செல்லூர் தம்பி, பெயர் நீக்கியதற்கெல்லாம் வருத்தப்பட வேண்டாம். எல்லோரும் செய்வதுதான்.

ஒத்தக்கடை டெலிவரி

மேலூர் ரோடு அண்ணே, நீங்க சொல்றது அத்தனையும் சரி. வீடு கிடைத்த பிறகு பேசலாம்.

அக்கா கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் கடன், நான் டவுனில் இருந்தால்தான் ராத்திரி ஆர்டர் எடுக்க முடியும் என்று கிளம்பினேன். கே.கே. நகர் பக்கம் மாடியில் ஒரு அறை. பிடித்திருந்தது. வீட்டுக்காரர் நல்ல மாதிரிதான் பேசினார். காபி கொடுத்தார். "சொந்த ஊர் எது தம்பி?" சொன்னேன். "அங்கே எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். கையில் வைத்திருந்த சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "மகன் வர்றதா இருக்கான் தம்பி, கேட்டுட்டுச் சொல்றேன்." நான் குடித்த டம்ளரை அந்த அம்மா எடுக்காமல் திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

இப்படி நாலு வீடு. ஒருத்தர்கூட என்ன சாதி என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. இதற்கு எந்தச் சட்டத்தைக் காட்டுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இப்போது கூட வேலை பார்க்கிற மூன்று பேரோடு ஒரே அறையில் இருக்கிறேன்.

உசிலம்பட்டி பெரியம்மா

மகள்தான் டைப் அடிக்கிறாள், நான் சொல்லச் சொல்ல.

ஒத்தக்கடை தம்பிக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மனசு கொதிக்கிறது.

செல்லூர்க்காரரே, எல்லோரும் செய்வதுதான் என்று அவர் சொல்லிவிட்டார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தனி அடுப்பு வைப்பது எங்கள் பக்கம் ஒளிவுமறைவாக நடக்காது. எனக்கு 1989-ல் கல்யாணம். மூன்றாம் மாதம் மாமியார் நாலு பேரைக் கூட்டி வைத்து, நெல்லு, இரண்டு சட்டி, ஒரு குத்துப்போணி என்று எண்ணிக் கொடுத்துத் தனியாக வைத்தார். நடுவில் ஒரே ஒரு மண்சுவர். முதல் நாள் சாயங்காலம் எனக்கு அடுப்புப் பற்றவில்லை, ஈர விறகு, வீடெல்லாம் புகை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "காஞ்சது எது ஈரமானது எதுன்னு பார்க்கத் தெரியல, இதுல தனிக்குடித்தனம்!" என்று சத்தம் போட்டுக்கொண்டே ஒரு கட்டுப் பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடிக் குச்சியை, தூக்கிப் போட்டார். தோளில் வந்து விழுந்தது. இன்றைக்கும் அந்த மனுஷியை நினைத்தால் அந்தப் பருத்திமார்தான் ஞாபகம் வரும்.

திட்டட்டும், அழட்டும், நேரில் சொல்லிவிட்டுச் செய்திருக்க வேண்டும். கண் தெரியாத மனுஷியிடம் நம்பர் வாங்கினது தப்புதான். போய் அம்மாவிடம் சொல்லுங்கள்.

சிலைமான் அக்கா

பெரியம்மா, தம்பியை ரொம்பக் கடிந்துகொள்ளாதீர்கள். சொல்லிவிட்டுச் செய்ய எல்லா வீட்டிலும் இடம் இருப்பதில்லை. நான் சொல்லியிருந்தால் அண்ணன் வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டார்.

மேலூர் ரோடு சார், எங்கள் வளவில் சப் மீட்டர்தான். போன மாதத்திலிருந்து மீட்டரைப் போனில் படம் எடுத்து வைக்கிறேன்.

செல்லூர் தறிவீடு

எல்லோருக்கும் நன்றி. பெரியம்மா சொன்னது சரி. போன ஞாயிற்றுக்கிழமை சொல்லத்தான் போனேன். அப்பாவும் தம்பியும் இருந்தார்கள், பேச்சு வரவில்லை.

புது கார்டும் இன்னும் வரவில்லை. வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வீட்டுக்காரர் மறுக்கிறார், அது இல்லாமல் முகவரிச் சான்றுக்கு வழி இல்லை. மனைவியின் பெயரையும் சோழவந்தான் கார்டிலிருந்து எடுத்தாகிவிட்டது. இப்போது நாங்கள் இரண்டு பேரும் எந்தக் கார்டிலும் இல்லை. அரிசி வெளியில்தான் வாங்குகிறோம்.

சீனி மட்டும் வாங்குவதில்லை. அந்த ஒன்றரைக் கிலோவிலிருந்து அரைக் கிலோவைப் பிரித்து, பழைய தினத்தாளில் பொட்டலம் கட்டி, மாதம் தவறாமல் தம்பி கையில் கொடுத்துவிடுகிறார் அம்மா. இந்த மாதப் பொட்டலம் நேற்று வந்தது.