டிவி தோட்ட நிகழ்ச்சிகளை நம்பி காய்கறி போடலாமா?

புதுத்தளிர்:
இதுவரை ஒரு செடிகூட வைத்ததில்லை. தக்காளி, வெண்டை, பூசணி என்று ஆரம்பிக்க ஆசை. அதனால் கொஞ்ச நாளாக டிவியில் வரும் தோட்ட நிகழ்ச்சி ஒன்றையும் விடுவதில்லை. விதை போடுகிறார், அரை மணி நேரத்தில் கூடை நிறையக் காயோடு வந்து சிரிக்கிறார். ஒருவர் தினமும் தண்ணீர் விடச் சொல்கிறார், அடுத்தவர் கூடவே கூடாது என்கிறார். இதைப் பார்த்து ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா, இல்லை வெறும் பொழுதுபோக்குதானா?

மண்வெட்டி:
கையால் செய்கிற வேலைக்கு டிவி நல்லது. நாற்றை வேர் அறாமல் எப்படி எடுப்பது, தக்காளி நாற்றை எவ்வளவு ஆழம் புதைப்பது (மண்ணுக்குள் போகிற தண்டிலும் வேர் விடும், அதனால் தாராளமாகப் புதைக்கலாம்), பக்கக் கிளையை எந்த இடத்தில் கிள்ளுவது, இதெல்லாம் பத்துப் பக்கம் படித்தாலும் புரியாது, ஒருமுறை பார்த்தால் போதும். ஆனால் எப்போது விதைப்பது என்பதை மட்டும் டிவியிடம் கேட்காதீர்கள். பிபிசியில் 1968இலிருந்து வரும் ‘கார்டனர்ஸ் வேர்ல்ட்’ அருமையான நிகழ்ச்சி, ஆனால் அவர்களுக்குப் பயம் உறைபனி. உங்களுக்கு வெயிலாக இருக்கலாம். பகலில் 35 டிகிரிக்கு மேல் தொடர்ந்து அடித்தால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும், என்ன உரம் போட்டாலும் நிற்காது.

தும்பி:
மண்வெட்டி ரொம்பத் தாராளமாக மார்க் போடுகிறார். கிள்ளச் சொல்கிறார்களே, எந்த ரகத்தை என்று சொல்கிறார்களா? கொடிபோல உயர்ந்துகொண்டே போகிற தக்காளிக்குத்தான் அது, குட்டையாகப் புதர்போல நிற்கிற ரகத்தில் கிள்ளினால் காய்தான் குறையும். பூசணியில் முதலில் வருவது பெரும்பாலும் ஆண்பூதான், அது விழத்தான் செய்யும். புதிதாக வளர்ப்பவர் அதைப் பார்த்துப் பதறிப்போய் மருந்து அடிக்கிறார், ஏனென்றால் டிவியில் பூ விழுகிற வாரத்தை வெட்டிவிட்டுக் காய்க்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் இந்த முட்டை ஓடு! தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் காய்க்குக் கால்சியம் போதவில்லை, உடனே ஓட்டைப் பொடித்துப் போடு என்பார்கள். ஓடு மட்க மாதக்கணக்கில் ஆகும், அதற்கும் மேலேகூட. பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கிறது, ஒருநாள் வறட்சி ஒருநாள் வெள்ளம் என்று தண்ணீர் விட்டால் அது காய்க்குப் போய்ச் சேராது, அவ்வளவுதான்.

புதுத்தளிர்:
சரி, அப்படியானால் தண்ணீர் விஷயத்தில் யார் சொல்வதைக் கேட்பது?

மண்வெட்டி:
இரண்டு பேரையும் வேண்டாம், விரலைக் கேளுங்கள். இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், உள்ளே காய்ந்திருந்தால் அடி வரை நனைகிற மாதிரி விடுங்கள், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். சின்னத் தொட்டி வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும், தரையில் அப்படி இல்லை, அந்த இருவரும் முரண்பட்டதற்கு இதுவே காரணமாக இருக்கும். தும்பி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரே தோட்டத்தை வாராவாரம் காட்டுகிற நிகழ்ச்சி என்றால் பூச்சி தின்றதும் தெரிந்துவிடும். அந்த மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் இலை:
எல்லோரும் செடியைப் பற்றியே பேசுகிறீர்கள். இடத்தில் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? காலை, மதியம், மாலை மூன்று வேளையும் போய்ப் பாருங்கள். ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் இல்லை என்றால் தக்காளி, வெண்டை இரண்டையும் மறந்துவிட்டுக் கீரை போடுங்கள், அது கொஞ்சம் நிழலைத் தாங்கும். வெண்டை போடுவதானால் விதையை நேராக மண்ணிலேயே ஊன்றுங்கள், நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் வேர் தாங்காது.